ஏழாம் கூண்டின் இனிப்புத் தண்ணீர்

சோதனைக்கூடத்தில் ஏழாம் கூண்டு ஆண் எலிக்கு மட்டும் செயற்கை இனிப்பு கலந்த தண்ணீர். அவன் அதை உறிஞ்சி உறிஞ்சி மீசையை நீவிக்கொள்வான். எட்டாம் கூண்டு ஆண் எலிக்கு வெறும் தண்ணீர்தான்.

ஏழாம் எலிக்கு மூன்றாவது மனைவியாக விடப்பட்ட வெள்ளாயிக்கும் கரு தங்கவில்லை.

"நீயும் மலடிதானா?" என்றான்.

முந்தைய இருவரும் எட்டாம் கூண்டுக்கு மாறியதும் குட்டி போட்டதை அவள் பார்த்திருந்தாள். "அந்தத் தண்ணியைக் கொஞ்சம் குறைச்சுக் குடிங்களேன்," என்றாள் மெதுவாக.

"என்கிட்ட என்னடி குறை கண்டே?" என்று காதைக் கடித்தான்.

அவளையும் எட்டாம் கூண்டுக்கு மாற்றினார்கள். மறுமாதம் பத்துக் குட்டிகள் அவள் மடியை முட்டிக்கொண்டிருந்தன.

பக்கத்துக் கூண்டில் உறிஞ்சும் சத்தம் நின்றது. "நாலாவதாவது நல்ல குடும்பத்துப் பொண்ணா வரட்டும்," என்றான். மறுபடி உறிஞ்சினான்.