டிரைவரின் குரல்

"மாப்ள, சத்தியமா அது நான் பேசினது இல்ல. மெஷின்ல செஞ்ச குரல்!" "சும்மா இருங்க மச்சான். எஞ்சின் சத்தத்தை வச்சே எங்க கோளாறுன்னு சொல்றவன் நான். உங்க குரல் எனக்குத் தெரியாதா?" பஸ் பணிமனையில் டிரைவரும், அவர் தங்கையைக் கட்டிய மெக்கானிக்கும் கத்திக்கொள்கிறார்கள். தொழிற்சங்கத் தேர்தலில் டிரைவர் நிற்கிறார். நான்கு மணிக்கு ஓட்டுப்பதிவு, இப்போது மூன்றரை. காலையிலிருந்து எல்லார் போனிலும் ஒரே குரல்பதிவு சுற்றுகிறது: "நிர்வாகத்தோட பேசி முடிச்சுட்டேன். நம்ம ஆளுங்க வாயை நான் அடைச்சுடுறேன்." மெக்கானிக் கிரீஸ் கையோடு போனைக் காதில் ஒட்டி, எஞ்சினைக் கேட்பதுபோல் கண்ணை மூடிக் கேட்கிறார். "நீங்களேதான்." டிரைவருக்குக் கழுத்து நரம்பு புடைக்கிறது. "சரி, நானே சொல்றேன், வித்தியாசத்தைக் கேளு!" அதே வார்த்தைகளை வாய்விட்டுச் சொல்கிறார். அதே கரகரப்பு. டயர் அடுக்குக்குப் பக்கத்தில் மூன்று போன்கள் அவரைப் பார்த்து உயர்ந்து நிற்கின்றன. அப்போதுதான் அவருக்கு உறைக்கிறது. "டேய், அதை எடுக்காதீங்கடா... அழிங்கடா!" யாரும் கையை இறக்கவில்லை. மெக்கானிக் முகம் வெளுத்துப்போய், "என்ன மச்சான் இப்படிப் பண்ணிட்டீங்க?" என்கிறார். இப்போது எடுத்த இந்தப் புதுப் பதிவை மெஷின் குரல் என்று யாரும் சொல்ல முடியாது. பன்னிரண்டு வருடமாக அவர் ஓட்டும் பஸ்ஸில் நான் கண்டக்டர். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்கிறது மனசு, காது ஒத்துக்கொள்ள மறுக்கிறது. அரை மணியில் நான் ஓட்டுப் போட்டாக வேண்டும். என் இடத்தில் நீங்கள் இருந்தால் எதை நம்புவீர்கள்? தயவுசெய்து உடனே பதில் எழுதுங்கள்.