விலாசத்தில் இருந்தவர்

மறுமணத்துக்கு வரன் பார்த்துத் தரும் இணையதளம் ஆதார் எண்ணைக் கேட்டதும் மங்கையர்க்கரசிக்குச் சந்தேகம் தட்டியது. பக்கத்தின் அடியில் இருந்த விலாசம் உள்ளூர்தான். நேரிலேயே பார்த்துவிடலாம் என்று போனாள்.

கதவைத் திறந்தவருக்கு அறுபது வயதிருக்கும்.

"கம்பெனியெல்லாம் இல்லம்மா. எவனோ திருட்டுப்பய என் வீட்டு விலாசத்தப் போட்டு வெச்சிருக்கான். வெயில்ல வந்திருக்கீங்க, உள்ள வாங்க."

கூடத்தில் நாற்காலிகள் துடைத்துப் போடப்பட்டிருந்தன. கேட்காமலே டீ வந்தது.

"என்னாட்டம் நிறையப் பேர் வர்றாங்களா?"

"வாரத்துக்கு ரெண்டு மூணு பேர் வருவாங்க. போன வாரம் வந்தவர் சாப்பிட்டுட்டே போனார்."

"போலீஸ்ல சொல்லலாமேங்க? விசாரிக்காதவங்க ஏமாந்து போவாங்களே."

அவர் காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார்.

"சொன்னா மூடிருவாங்கம்மா. என் சம்சாரம் போனதுக்கப்புறம் இந்தக் கதவ வேற யாரும் தட்டல."

அவள் எழுந்து வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள். பின்னாலேயே வந்தவர், "நீங்க சொல்லிருவீங்களா?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை.

"சொல்லித்தான் ஆகணுங்க."

"நியாயந்தான்" என்று தலையாட்டினார். "அப்ப இன்னொரு டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

மங்கையர்க்கரசி செருப்பைக் கழற்றினாள்.