கண்ணாடி குனிய மறுத்த நாள்

முட்டை வேன் ஓட்டும் அருளப்பனுக்கு ஓயாத இடுப்புவலி. வண்டியை விட்டு இறங்கினால் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் நடக்க முடியும். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தார்.

பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்க அந்த வேனில் புதிதாக ஒரு கண்ணாடி மாட்டியிருந்தார்கள். அது ஒரு நாள் டிரைவர் சீட்டிடம் கேட்டது.

"அண்ணே, காலையில் இவர் என்னை நிமிர்த்தி வைக்கிறார். மத்தியானமானால் கீழே திருப்பிவிடுகிறார். ஏன்?"

"உன்மேல் குறை இல்லை, தம்பி. ஓட்ட ஓட்ட அவர் சரிந்துவிடுகிறார். அவர் இடுப்புக்கும் எனக்கும் நடுவில் ஒரு கை நுழையும்."

"நான் திரும்பாமல் இருந்தால் என்ன செய்வார்?"

"தெரியாதே. இருந்துதான் பாரேன்!"

மறுநாள் மத்தியானம் அருளப்பன் கண்ணாடியைக் கீழே திருப்பப் பார்த்தார். அது திரும்பாமல் கழுத்தை இறுக்கிக்கொண்டது.

"என்ன கஷ்டம்டா இது!" என்று முணுமுணுத்தபடி அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பின்னால் வரும் பஸ் தெரிந்தது. பத்து நிமிடத்தில் மறுபடி சரிந்தார்; பஸ் மறைந்துவிட்டது. எரிச்சலோடு வண்டியை ஓரங்கட்டி இறங்கி, தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி சீட்டில் இடுப்பு படும் இடத்தில் செருகினார். இறங்கியதுதான் இறங்கினோம் என்று வேனை இரண்டு முறை சுற்றி நடந்துவிட்டு ஏறினார்.

சாயங்காலம் கடைசிக் கடை வந்தது. இறங்கியவர் நிற்காமல் பின்பக்கம் போனார்.

"எப்படி நடக்கிறார்?" என்று சீட் கேட்டது.

"முட்டைத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு, பாட்டு முணுமுணுத்தபடி!"



"மூன்று வருடமாக அவரைச் சுமக்கிறேன், தம்பி. அவர் முதுகு என்மேல் முழுசாகச் சாய்ந்தது இன்றைக்குத்தான்."