வாக்கியத்தின் மீதி

எல்லோர் காதிலும் ‘முந்தி’ என்ற கருவி இருந்தது. எதிரில் இருப்பவர் வாயெடுத்ததுமே மீதி வாக்கியத்தை அது ஊகித்துச் சொல்லிவிடும். யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தமிழில் ஒரு சிக்கல் உண்டு. சம்மதமா மறுப்பா என்பது வாக்கியத்தின் வால்நுனியில்தான் வரும்.

பக்கவாதம் வந்த பிறகு தணிகாசலத்துக்கு ஒவ்வொரு எழுத்தும் நகர்ந்து நகர்ந்துதான் வந்தது.

“கால் புண்ணு மருந்துல ஆறலாம், மாசக்கணக்கா ஆகும். இல்லேன்னா காலை எடுத்துடலாம். என்ன சொல்றீங்க?” என்றார் டாக்டர்.

“எடுக்க... வேண...”

“எடுக்கணுமாம்,” என்று டாக்டர் எழுந்துவிட்டார். அந்த வார்டில் பெரும்பாலோர் சொல்லும் பதில் அதுதான் என்று முந்திக்குத் தெரியும்.

தணிகாசலம் மனைவியின் கையைப் பிடித்து, அவள் காதைக் காட்டினார். குமுதவல்லி முந்தியைக் கழற்றினாள். அவர் உதடு குவிவதற்குள் காத்திருந்து பழகாத அவளுக்குப் பொறுமை போய்விட்டது. திரும்ப மாட்டிக்கொண்டாள்.

“புரியுதுங்க. பயப்படாதீங்க.”

ஆபரேஷன் மயக்கம் தெளிந்து, போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடப்பதைப் பார்த்தபோதுதான் அந்தச் சொல் முழுதாக வந்தது.

“வேணாம்.”

ஊசியோடு நின்ற நர்ஸிடம் குமுதவல்லி சொன்னாள்: “வலிக்கு ஊசி வேணாமாம், சிஸ்டர்.”