இடது ஓரம்

"குனிங்க," என்றாள் மனைவி.

பேருந்து ஓட்டுநர் சட்டையைக் கழற்றிவிட்டு, சாப்பாட்டு மேசையில் இரு கைகளையும் ஊன்றிக் குனிந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் நடப்பதுதான். இடுப்பு வலிக்காக முதுகெலும்பின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் பழைய டேப்பைப் பிரித்துவிட்டுப் புதிதாக ஒட்டுவாள். முதுகை வளைத்துக் கொடுத்தால்தான் அது சரியாகப் பிடிக்கும்.

இன்று அவருக்கு நின்ற இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

அவரை வண்டியை விட்டு இறக்கி இரண்டு வாரம் ஆகிறது. வீட்டில் இன்னும் வாய் திறக்கவில்லை.

அன்று டிப்போவில் வருடாந்திர உடல் பரிசோதனை. முதுகு வலி வெளியே தெரிந்தால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிடுவார்கள் என்றுதான், கடை கடையாக ஏறி இறங்கித் தோல் நிறத்திலேயே டேப் வாங்கி வைத்திருந்தாள் மனைவி. பரிசோதனைக்கு முன்னால் அதைப் பிரித்துவிட வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். இருவருமே மறந்து தொலைத்தார்கள்.

டாக்டர் சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகைத் தொட்டுப் பார்த்ததும் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறிவிட்டது.

வேலை போனதைச் சொல்லிவிடலாம். அவள் தாங்கிக்கொள்வாள். தான் ஒட்டிய டேப்தான் காட்டிக்கொடுத்தது என்று தெரிந்தால் மட்டும் ஆயுசுக்கும் தன்னையே திட்டித் தீர்ப்பாள். 

அதனால் தினமும் சீருடையை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஷிப்ட் முடியும் வரை தெருத் தெருவாக நடப்பார். எங்காவது உட்கார்ந்தால் தெரிந்தவன் எவனாவது பார்த்துத் தொலைப்பான்.

போன ஞாயிறு பிரித்துப் போட்ட டேப்பை அவர் பார்த்தார். வண்டி ஓட்டும் வாரங்களில் இருக்கையில் உரசி உரசி, கீழ் ஓரம் கிளம்பிச் சுருண்டு, சட்டை நூலெல்லாம் அப்பிக்கொண்டு கிடக்கும். அன்றோ ஒட்டிய மேனிக்கு அப்படியே இருந்தது.

 அவள் அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். தப்பித்தோம் என்று மூச்சு விட்டார்.

மறுநாள் பையில் தடிமனான காலுறை ஒரு ஜோடி இருந்தது. தண்ணீர் பாட்டிலும் பெரிதாகியிருந்தது. அவளுக்கு எப்போதுமே எல்லாம் கொஞ்சம் கூடுதல்தான் என்று நினைத்துக்கொண்டார்.

இந்த வாரம் அவர் உஷார். நேற்றே குளியலறையில் நின்று, கை எட்டிய பக்கத்தில் கீழ் ஓரத்தை நகத்தால் சுரண்டிச் சுருட்டி, துண்டால் தேய்த்து நூலும் ஒட்டவைத்துவிட்டார். கனகச்சிதமான வேலை.

இப்போது அவள் விரல் அந்த வலது ஓரத்தைத் தொட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு மெல்ல இடது ஓரத்துக்குப் போனது. அங்கே டேப் தோலோடு தோலாக வழுவழுவென்று படிந்திருந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கிளட்சை மிதிப்பது இடது கால். மிதிக்கும்போதெல்லாம் இடுப்பு உரசுவதும் அந்தப் பக்கம்தான். இத்தனை வருடமும் உரிந்தது இடது ஓரம். வண்டி ஓட்டியவருக்கு அது மறந்திருக்கலாம். வாராவாரம் பிரித்தவளுக்கு மறக்குமா.

  

பின்னால் பழைய டேப் உரியும் சத்தம் கேட்டது. அப்புறம் கத்தரிக்கோல். மூலைகளை வட்டமாக வெட்டுகிறாள். இரண்டு பட்டைகளை ஒட்டி, உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்த்தாள்.

முடிந்தது என்று நிமிரப் போனார். தோளில் கை வைத்து அழுத்தினாள்.

தரையில் உட்கார்ந்து, அவருடைய கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினாள். கெண்டைக்காலில் இன்னொரு பட்டையை ஒட்டினாள். அங்கே இதுவரை ஒட்டியதே இல்லை.

"டாக்டர் பாத்த அன்னிக்கு நானாவது ஞாபகமா பிரிச்சு விட்டிருக்கணும்," என்றாள்.

அவர் குனிந்தபடியே தன் காலைப் பார்த்தார்.

பட்டை தோல் நிறத்தில் இல்லை. தெருக்கோடியிலிருந்து பார்த்தாலும் தெரிகிற நீலம்.