கானாங்கெளுத்தியும் இரண்டு ஸ்டிக்கரும்

யசுயோ இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் பெருக்கல் குறியாக வைத்துக் காட்டினாள்.

கூடாது. எழுந்து வா.

இந்த ஜப்பானிய வெந்நீர்க் குளியலகத்துக்கு அந்த ஜாடை புரியாத வெளியூர்க்காரி யாரும் இதுவரை வந்ததில்லை. இந்தத் தைவான் பெண்ணுக்கும் உடனே புரிந்துவிட்டது. கழுத்தளவு வெந்நீரில் கண்மூடிச் சாய்ந்திருந்தவள் பாதி எழுந்து, இடது தோளைக் கையால் பொத்திக்கொண்டாள்.

பொத்தினால் மறைந்துவிடுமா? தோளிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு கானாங்கெளுத்தி மீன். முதுகு வரிகள்கூட விடாமல் பச்சை குத்தியிருந்தார்கள். யசுயோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குத்தியதுதான் குத்தினாள், ஒரு பூவோ நட்சத்திரமோ சின்னதாகக் குத்தித் தொலைத்திருக்கக் கூடாதா?

சற்று முன்பு அவள் கையில் ஸ்டிக்கரைக் கொடுத்து அனுப்பியதே யசுயோதான். தோல் நிறத்தில், உள்ளங்கை அகலம். ஆளுக்கு இரண்டு, அதற்கு மேல் கிடையாது. பச்சை குத்தியவர் என்றாலே ரவுடிக் கும்பல் என்பது இங்கே பழைய கணக்கு; குத்தியது ஸ்டிக்கருக்குள் அடங்கினால் குளிக்கலாம். அடங்காவிட்டால் வாசலில் கால் நனைக்கும் தொட்டியோடு சரி.

இரண்டையும் ஒட்டியதில் மீனின் வயிறு அடங்கிவிட்டது. தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் எட்டிப் பார்த்தன.

அதை இவாசே-சான் பார்த்துவிட்டார்.

ஊர் மாதர் சங்கத் தலைவி; பெயரோடு மரியாதைக்கு ஒரு 'சான்'. அவர் முகம் சுளித்தால் சங்கமே நாளைக்கு வேறு குளியலகத்துக்குப் போய்விடும். முதலாளிக்கு வேர்த்துவிட்டது. பெண்கள் பக்கத்துத் திரைக்கு வெளியே நின்றபடியே சொன்னார்: "அந்தப் பொண்ணு வெளிய வரணும். இல்லைன்னா நாளைலேர்ந்து நீ வர வேணாம்."

அதனால்தான் யசுயோ இங்கே கையைப் பெருக்கல் குறியாக வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"மன்னிச்சிருங்க," என்றாள் அந்தப் பெண், மனப்பாடம் செய்து வைத்திருந்த ஜப்பானியத்தில். குனிந்தபோது நெற்றி தண்ணீரைத் தொட்டது.

அதுதான் யசுயோவால் தாங்க முடியவில்லை. கத்தியிருந்தால் நிம்மதியாக விரட்டியிருப்பாள். எதற்கடி மன்னிப்பு? ஒரு மீனைப் பார்த்து எந்த ஊர் ரவுடி ஞாபகம் வருகிறது இவர்களுக்கு?

இவாசே-சான் எதிர்ப்பக்கம் சுகமாகச் சாய்ந்திருந்தார். நான்காய் மடித்த துண்டு தலையில் அசையாமல் இருந்தது. யாருடைய துண்டு நுனியாவது தொட்டித் தண்ணீரில் பட்டாலே, அசுத்தம் என்று திட்டிக் கிழித்துவிடுகிறவர்.

"தண்ணிய ஒருதரம் மாத்தச் சொல்லு யசுயோ. கண்ட மையும் கரைஞ்சு கெடக்கும்."

யசுயோ கைகளைக் கீழே இறக்கினாள்.

"மணி மூணாச்சே, உனக்கும் வேலை முடிஞ்சுது. வந்து எறங்கு. ரெண்டு வருஷமா எதிரெதிரா உக்காந்து குளிக்கிறோம், உன்னைப் பாத்தா ஆஸ்பத்திரியில கெடந்தவன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? ஒரு குறை தெரியல. உடம்புன்னா அப்படி இருக்கணும்."

யசுயோவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது.

பச்சை குத்தியவர்களுக்கான விதியை வாசல் பலகையில் எழுதியதும் அவள்தான். அவள் கையெழுத்து அழகு என்று முதலாளி அவளிடம்தான் தூரிகையைக் கொடுத்தார். கடைசி வரியில் 'யாராக இருந்தாலும்' என்று சேர்க்கவும் சொன்னார். இரண்டு வருடமாக அதைத் தாண்டும்போதெல்லாம் அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

"அங்கேயே இரு," என்று அந்தப் பெண்ணிடம் சைகை காட்டிவிட்டு வெளியே போனாள்.

திரும்பி வந்தபோது ஏப்ரன் இல்லை, எதுவும் இல்லை. சின்ன ஸ்டூலில் உட்கார்ந்தாள். தேய்த்துக் கழுவாமல் யாரும் தொட்டியில் இறங்கக் கூடாது. அவளும் கழுவினாள், மூன்று வாளித் தண்ணீரை மூன்று அறை விழுந்த மாதிரி மேலே ஊற்றிக்கொண்டு. வலது மார்பைத் துடைத்து எதையோ ஒட்டினாள்.

தொட்டியில் இறங்கி, தைவான் பெண்ணின் தோளை அழுத்தி உட்கார வைத்து, பக்கத்திலேயே தானும் உட்கார்ந்தாள்.

இவாசே-சான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"என்னடி இது, அங்க போயி ஸ்டிக்கர்? அடி கிடி பட்டுருச்சா?"

"இந்தப் பக்கம் மொத்தமா வெட்டி எடுத்துட்டாங்க இவாசே-சான். மேடு டாக்டர் வச்சது. காம்பும் அதைச் சுத்தின வட்டமும் நர்ஸ் வரைஞ்சது. ஊசியால, மை ஏத்தி, இடது பக்கத்துக்கு நிறம் பாத்துப் பாத்து." அவள் அந்த ஸ்டிக்கரைத் தொட்டுக் காட்டினாள்.  "ரெண்டு வருஷமா நீங்க குளிச்சது அந்த மை எறங்குன தண்ணியிலதான்."

 

யசுயோ இடது கையை விரித்தாள். அதில் இன்னொரு ஸ்டிக்கர் இருந்தது.

"ஆளுக்கு ரெண்டு. எனக்கு ஒண்ணு போதும்."

மிச்சத்தைப் பக்கத்தில் இருந்தவளின் தோளில், மீனின் தலைமேல் வைத்து அழுத்தினாள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வால் இன்னும் வெளிய நிக்குது. உங்க பங்கு ரெண்டும் சும்மாதான இருக்கு? அதுல ஒண்ணைத் தாங்க. இல்லைன்னா முதலாளியக் கூப்பிடுங்க, நாங்க ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போறோம்."

இவாசே-சான் வாயைத் திறந்தார். தலையிலிருந்த துண்டு நழுவித் தண்ணீரில் விழுந்து மெதுவாக விரிந்தது. அவர் அதை எடுக்கவில்லை.