பத்து நிமிட ஓட்டம்
கொட்டகைத் தகரத்தின் ஓட்டைகள் வழியே வெயில் பழைய குட்டி டிராக்டரின் மேல் பொட்டுப் பொட்டாக விழுகிறது. பேட்டரி இறங்கிவிடாமலிருக்க வாரம் ஒருமுறை அவள் வண்டியை ஓடவிடுகிறாள். விடுமுறையில் அதை வாங்கிப் போட்டுவிட்டுக் கப்பல் வேலைக்குத் திரும்பிய கணவன் போனில் இருக்கிறான். நலம் விசாரிப்பெல்லாம் முதலில் வண்டிக்குத்தான். போனை எஞ்சின் பக்கம் நீட்டுகிறாள். “கொஞ்சம் கரகரங்குதே. ஏர் ஃபில்டரைத் தட்டிப் போட்டியா?” “நேத்தே போட்டாச்சு.” கிளட்ச் எட்டாமல் சீட்டின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். சீட்டை முன்னால் இழுக்கும் லீவர் கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தன் கால் நீளத்துக்கு அவன் வைத்துவிட்டுப் போனதை அவள் இன்னும் மாற்றவில்லை. பத்து நிமிடம் ஆகிறது. “போதும்ல, அணைச்சிடவா?” “பேட்டரி ஏறியிருக்கும்,” என்கிறான். “இருந்தாலும் ஓடட்டும்.”